லென்ஸுக்குக் கண்ணாடியா, குடையா?

கலியாண வீடு, சாமத்திய வீடு, பிறந்தநாள், அந்தியேட்டி என எமது ஊர்களில் கமரா வராத நிகழ்வு இன்று அரிது. முன்னர் ஸ்ரூடியோவிலிருந்து ஆண்களே வருவார்கள். இப்போது கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு பெண்களும் இத்தொழிலுக்கு வந்திருக்கிறார்கள். பிள்ளைக்குத் தோய வார்க்கும் நேரத்திலும் மணமகளை அலங்கரிக்கும் அறையிலும் ஒரு பெண் நின்று படம் எடுப்பதையே பல தாய்மார் விரும்புகிறார்கள். தனித்து நின்று குடும்பத்தைத் தாங்கும் சகோதரிகளுக்கு இது ஒரு கௌரவமான வருமான வழி. வாழ்வாதார உதவி என்றாலே தையல் மெசினும் கோழிக்குஞ்சும்தான் என்ற நிலைக்கு வெளியே வந்த தொழில் என்பதிலும் ஒரு மகிழ்ச்சி உண்டு.

ஆனால் இத்தொழிலின் முதல் முழுவதும் ஒரு பையினுள் அடங்கிவிடுகிறது. கமராவும் ஒன்றிரண்டு லென்ஸும்தான் அந்த முதல். கடன் எடுத்து வாங்கியவர்களின் வீட்டுப் படலையில் தவணைக்காரர் வாரந்தோறும் வந்து நிற்பார். லென்ஸ் பழுதாகிவிட்டது என்பதற்காக அவர் வராமல் இருக்கப் போவதில்லை. 2022 ஆம் ஆண்டில் ரூபா வீழ்ந்தபோது, அதுவரை ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் சில வாரங்களிலேயே 360 ரூபாவரை சென்றது. லென்ஸ்கள் யாவும் வெளிநாட்டிலிருந்து வருபவை. ஆகவே ஒன்று உடைந்தால் இன்னொன்று வாங்கலாம் என்று இருக்கக்கூடிய நிலை எம்மில் அநேகருக்கு இல்லை.

இந்த அச்சத்தைக் கடைக்காரர்களும் அறிவார்கள். லென்ஸுக்குக் காசைக் கொடுத்து முடித்ததும், "அக்கா, இதுக்கு ஒரு யூ.வி. பில்டரும் போட்டுத் தரட்டோ? லென்ஸ் கீறுப்படாது" என்று கேட்பார்கள். நாமும் தலையாட்டிவிடுவோம். அந்தக் கண்ணாடி அன்றைக்கு லென்ஸின் முகத்தில் ஏறினால் பிறகு இறங்குவதே இல்லை.

இது தேவையா? எனது பதில் இதுதான்: முதலில் வாங்க வேண்டியது பில்டர் அல்ல, ஹூட். அதாவது லென்ஸின் முன்னால் மாட்டும் கறுப்புக் குடை. பில்டர் சில இடங்களுக்கு மட்டும் தேவைப்படும் ஒரு மழைக்கோட்டு. மழைக்கோட்டை வெயிலிலும் இரவிலும் போட்டுக்கொண்டு திரிய வேண்டியதில்லை.

முன்கண்ணாடிக்கு வரும் கேடு

லென்ஸின் முன்கண்ணாடியை நாம் நினைப்பதைவிடத் திடமாகவே செய்திருக்கிறார்கள். அது தடித்த கண்ணாடி. மேலே மிக மெல்லிய பூச்சு ஒன்றும் உண்டு. வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தால் ஊதாவும் பச்சையுமாக மினுங்குவது அந்தப் பூச்சுத்தான். வெறும் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதம் உள்ளே போகாமல் திரும்பிவிடும். ஒரு லென்ஸுக்குள் பல கண்ணாடிகள் இருப்பதால் இந்த இழப்பு ஒன்றோடொன்று சேர்ந்து படத்தை மங்கச் செய்யும். 1935 இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் பணிபுரிந்த அலெக்சாண்டர் ஸ்மக்குலா என்பவர் இதற்குப் பூச்சு முறையைக் கண்டுபிடித்தார். இன்று எந்த மலிவான லென்ஸிலும் அதன் வழிவந்த பூச்சு இருக்கிறது.

இந்தப் பூச்சைக் கெடுப்பவர்கள் பெரும்பாலும் நாமேதான். சேலைத் தலைப்பால், சட்டை நுனியால், கைலேஞ்சியால் லென்ஸைத் துடைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. எமது மண்ணில் கிடக்கும் மணல் பளிங்குக் கல்லின் துகள். அது கண்ணாடியைவிடக் கடினமானது. லென்ஸில் ஒட்டியிருக்கும் ஒரு மணலைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் அது உளிபோலக் கீறிக்கொண்டு போகும். ஆகவே முதலில் சிறு இறப்பர்ப் பம்பினால் காற்றடித்துத் தூசியைப் போக்க வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். அதன் பின் மென்மையான தூரிகை. இவ்விரண்டும் முடிந்த பிறகே கண்ணாடி துடைக்கும் துணி.

ஒரு கீறல் விழுந்துவிட்டால் தொழிலே போய்விட்டது என்று கலங்கவும் தேவையில்லை. முன்கண்ணாடியில் உள்ள ஒரு சிறு கீறல் சாதாரண படத்தில் தெரியாது. வெளிச்சத்துக்கு எதிரே நின்று எடுக்கும்போது சிறிது மங்கல் தட்டலாம். லென்ஸை விற்கப் போனால் விலை குறையும். மற்றும்படி அது உங்களுக்கு உழைத்துத் தந்துகொண்டே இருக்கும்.

யூ.வி. பில்டரின் பழைய கதை

யூ.வி. என்பது புறஊதாக் கதிர். கண்ணுக்குத் தெரியாத இந்தக் கதிரைப் பழைய பிலிம் சுருள் உணர்ந்துகொள்ளும். அதனால் கடற்கரையிலோ மலைநாட்டிலோ தூரக்காட்சி எடுத்தால் படம் நீலம் பாரித்து மங்கலாக வரும். நுவரெலியாச் சுற்றுலாவில் பிலிமில் எடுத்த பழைய படங்கள் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள், தூரத்து மலைகள் நீலப் புகைக்குள் நிற்கும். அதைக் குறைக்கவே யூ.வி. பில்டர் வந்தது. அக்காலத்தில் அதற்கு உண்மையான வேலை இருந்தது.

டிஜிட்டல் கமராவில் பிலிமின் இடத்தில் இருக்கும் உணரிக்கு முன்னால், புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி ஏற்கனவே பொருத்தப்பட்டிருக்கிறது. எனவே யூ.வி. பில்டரால் படத்துக்குக் கிடைக்கும் நன்மை ஏறக்குறைய எதுவும் இல்லை. வேலை போன பிறகு அதே கண்ணாடியைப் "பாதுகாப்புக் கண்ணாடி" என்று சொல்லி விற்கிறார்கள்.

பாதுகாப்பு என்றாவது ஒத்துக்கொள்ளலாமா? தூசி, உப்பு, எண்ணெய் ஆகியவற்றுக்கு ஆம். விழுந்து அடிபடுவதற்கு இல்லை என்றே சொல்ல வேண்டும். பில்டரின் கண்ணாடி மிக மெல்லியது. அமெரிக்கப் படப்பிடிப்பாளர் ஸ்டீவ் பெரி என்பவர் பில்டர்களின் மீதும் பழைய லென்ஸ்களின் மீதும் எடையை விழவிட்டுச் சோதித்துப் பார்த்தார். பில்டர்கள் எளிதில் நொருங்கின. அவற்றை உடைத்த அடியை லென்ஸின் முன்கண்ணாடி தாங்கிக்கொண்டது. "பில்டர் உடைந்தது, நல்லகாலம் லென்ஸ் தப்பியது" என்று நாம் ஆறுதல் அடையும் பல விபத்துக்களில், பில்டர் இல்லாமலும் லென்ஸ் தப்பியிருக்கும். உடைந்த பில்டரின் துண்டே லென்ஸைக் கீறுவதும் உண்டு.

இன்னொரு கேடு இரவில்தான் வெளிப்படும். ஒரு பில்டரைப் போட்டால் மேலும் இரண்டு கண்ணாடிப் பரப்புகளை ஒளியின் பாதையில் வைக்கிறோம். மலிவான பில்டரில் பூச்சு இருக்காது. இருட்டில் குத்துவிளக்கை எடுக்கும்போது சுடரின் ஒளி உள்ளே போய், உணரியில் பட்டுத் திரும்பி, பில்டரின் தட்டையான முதுகில் மோதி, மறுபடியும் உள்ளே வரும். படத்தில் விளக்குக்கு எதிர்ப்பக்கத்தில் தலைகீழாக ஒரு பச்சைப் பேய்ச்சுடர் நிற்கும். மணமகளின் கன்னத்தில் அது விழுந்தால் அந்தப் படம் அல்பத்தில் சேராது. தாலி கட்டும் கணத்தை இன்னொரு தடவை எடுக்க ஒருவரும் விடமாட்டார்கள்.

உங்களிடம் உள்ள பில்டர் எப்படிப்பட்டது என்பதை வீட்டிலேயே அறியலாம். ரியூப் லைற்றின் கீழ் அதைச் சரித்துப் பிடியுங்கள். குழல்விளக்கின் விம்பம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தால் பூச்சு இல்லை. மங்கலாகப் பச்சையாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் பூச்சு உண்டு. பிறகு இரவில் அறை விளக்கை அணைத்து, ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி, படத்தின் ஓரத்தில் சுடர் வரும்படி பில்டருடன் ஒன்றும் பில்டர் இல்லாமல் ஒன்றும் எடுங்கள். இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்தால் வேறு விளக்கம் தேவைப்படாது.

குடை செய்யும் வேலை

ஹூட் என்பது வெறும் கறுப்புப் பிளாஸ்டிக் வளையம். அதில் கண்ணாடி இல்லை. ஆகவே படத்தைக் கெடுக்க அதனிடம் ஒன்றும் இல்லை. வெயிலில் தூரத்தைப் பார்க்கும்போது புருவத்தின் மேல் கையை வைத்துக்கொள்கிறோம் அல்லவா, அதே வேலையைத்தான் ஹூட் செய்கிறது. படத்துக்குள் வராத சூரியன், பந்தலின் பக்க விளக்கு, வீடியோக்காரரின் லைற் ஆகியவற்றின் ஒளி சரிவாக வந்து முன்கண்ணாடியில் படும்போது படம் முழுவதும் வெளிறிப்போகும். கூறைச் சேலையின் சிவப்பு, பாலில் கலந்ததுபோல மங்கும். ஹூட் அந்த ஒளியைத் தடுத்து நிறத்தை மீட்டுத் தரும்.

அடிபடாமல் காப்பதிலும் அதுவே மேல். சனம் நெரியும் மணவறையடியில் ஒரு மாமாவின் முழங்கை வந்து இடித்தாலும், பஸ்ஸில் பை கம்பியில் மோதினாலும் முதலில் அடி வாங்குவது ஹூட்டின் விளிம்பு. பிளாஸ்டிக் வளையும், கழன்று விழும், உடைந்தும் போகும். அடியின் வேகம் அதோடு குறைந்துவிடும். சின்னப்பிள்ளைகளின் விரல் கண்ணாடியைத் தொடுவதும் தூறல் துளி படுவதும் குறையும்.

கனொன், நிக்கோன் கம்பனிகள் ஆரம்பக் கமராவோடு தரும் 18-55 லென்ஸின் பெட்டியில் ஹூட் இருப்பதில்லை. அதனால் அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. தனியாக வாங்கும்போது, கம்பனியின் பெயர் இல்லாத மலிவான ஹூட்டும் போதும். கண்ணாடி இல்லாத பொருள் என்பதால் இங்கு மலிவு கேடு செய்யாது. ஆனால் அது உங்கள் லென்ஸுக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். ஆகவே லென்ஸைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்தே வாங்குங்கள்.

ஹூட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று வட்டமான கிண்ணம் போன்றது. மற்றது பூவிதழ்போல மேலும் கீழும் நீண்டு, மூலைகளில் வெட்டுப்பட்டது. படம் நீள்சதுரமாக இருப்பதால் மூலைகள் மறையாமல் இருக்கவே அந்த வெட்டு. இதழ் வகையைப் பூட்டும்போது நீண்ட இதழ்கள் மேலும் கீழும் நிற்கும்வரை திருக வேண்டும். அரைகுறையாக நின்றால் படத்தின் மூலைகள் கறுக்கும். சில பழைய 18-55 லென்ஸ்களில் குவியம் பிடிக்கும்போது முன்பகுதியே சுழலும். அவற்றுக்கு வட்ட வகைதான் சரி.

கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. கமராவின் தலையிலிருந்து எழும் சிறிய பிளாஷைப் பாவித்து 18 இல் அகலமாக எடுத்தால், ஹூட்டின் நிழல் படத்தின் அடியில் பிறைபோல விழும். முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளின் முகமே அதில் மறைந்துவிடலாம். சிறிய பிளாஷ் பாவிக்கும்போது ஹூட்டைக் கழற்றுங்கள். மேலே பூட்டும் உயரமான பிளாஷ் என்றால் இந்தத் தொல்லை குறைவு.

18-55 இன் ஹூட் குட்டையானது. 55 இல் வைத்து எடுக்கும்போது அது போதிய நிழலைத் தராது. அப்போது இடது கையையோ ஒரு கடதாசி மட்டையையோ லென்ஸுக்கு மேலே நீட்டி, கண்ணாடியில் நிழல் விழுகிறதா என்று பாருங்கள். நிழல் விழுந்தால் போதும். உதவிக்கு வரும் பிள்ளையிடம் உண்மையான குடையையே பிடிக்கச் சொல்லலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

50 மில்லிமீற்றர் லென்ஸ் வைத்திருப்பவர்கள் ஹூட்டை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். கோப்பு மட்டை போன்ற தடித்த கறுப்பு மட்டையில் 3 சென்ரிமீற்றர் லென்ஸின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும்படியும், 1 சென்ரிமீற்றர் லென்ஸின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும்படியும் ஒரு பட்டி வெட்டுங்கள். லென்ஸைச் சுற்றி வளைத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தை ஒட்டி, இறப்பர் வளையத்தால் இறுக்குங்கள். உட்பக்கம் மினுங்கக் கூடாது. மினுங்கும் மட்டையானால் கரும்பலகைக்குப் பூசும் பெயின்ற் பூசிக் காயவிடுங்கள். பிறகு வெள்ளைச் சுவரை எடுத்து நான்கு மூலைகளையும் பாருங்கள். இருண்டிருந்தால் அரை சென்ரிமீற்றராக வெட்டிக் குறைத்துக்கொண்டு வாருங்கள். 18-55 லென்ஸுக்கு இந்த முறை ஒத்துவராது, அகலமாகப் பார்க்கும்போது மட்டையே படத்தில் விழும்.

ஒரு கலியாண வீட்டில்

இனி பில்டர் எப்போது தேவை என்று பார்ப்போம். சைவக் கலியாணம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். காலையில் தோய வார்க்கும்போது பாலும் அறுகும் தண்ணீரும் தெறிக்கும். கிட்ட நின்று எடுக்க வேண்டியிருந்தால் பில்டரைப் போடுங்கள். வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்கும் பிள்ளைகள் கமராக்காரி என்று பார்க்க மாட்டார்கள். வாசனை எண்ணெய் கலந்த பன்னீர் லென்ஸில் பட்டால் துடைக்கத் துடைக்கப் படலமாகப் பரவும். அங்கேயும் பில்டர் இருக்கட்டும்.

மணவறையில் ஓமம் வளர்க்கும்போது நெய் தெறிக்கும், புகை வரும். நெருப்புக்கு அருகில் குனிந்து எடுக்கும் நேரத்துக்கு மட்டும் பில்டர். தாலி கட்டும்போது அறுகரிசி நாலு பக்கத்திலிருந்தும் பறக்கும். அதற்கு ஹூட் போதும், அரிசியால் லென்ஸ் கீறாது. அந்த நேரத்தில் எதிரே வீடியோ லைற்றும் பக்கத்தில் குத்துவிளக்கும் எரிந்துகொண்டிருக்கும் என்பதால், பில்டரைக் கழற்றிவிட்டு நிற்பதே நல்லது. இரவு வரவேற்பில் அலங்கார மின்விளக்குகள் முன்னால் பில்டர் வேண்டவே வேண்டாம். பிறந்தநாள் வீடுகளில் பிள்ளைகள் அடிக்கும் நுரை ஸ்பிறேக்குப் பில்டர் கட்டாயம். ஆனால் மெழுகுதிரியை ஊதி அணைக்கும் படத்தை அதற்கு முன்பே பில்டர் இல்லாமல் எடுத்துவிட வேண்டும்.

வெளியிடங்களில் கடலும் காற்றும்தான் எதிரி. தைப்பொங்கல் அன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கும் பட்டத்திருவிழாவுக்குப் படமெடுக்கப் போகிறவர்களுக்கு உப்புத்துளியும் மணலும் சேர்ந்தே வரும். ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் பிதிர்க்கடன் செய்யும் இடத்திலும் அப்படித்தான். உப்பும் மணலும் காய்ந்த கண்ணாடியைத் துடைத்தால் கீறல் விழலாம். அங்கு பில்டர் போட்டுக்கொண்டு போய், வந்ததும் அதைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துவிடலாம். லென்ஸை அப்படி அலச முடியாது. சோளகம் பெயர்ந்து புழுதி கிளப்பும் மாதங்களில் வன்னித் தெருக்களிலும், நல்லூர்த் திருவிழாக் காலத்து வீதி மணலிலும் பில்டர் உதவும். இவ்விடங்களிலும் ஹூட் கூடவே இருக்கட்டும். பட்டத்தை எடுக்க வானத்தைப் பார்க்கும்போது குடை இல்லாமல் முடியாது.

கிரகணத்தைப் பற்றியும் சொல்லிவைக்க வேண்டும். 2010 ஜனவரி 15 ஆம் திகதியும் 2019 டிசம்பர் 26 ஆம் திகதியும் வடக்கில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது. யூ.வி. பில்டர் கண்ணைக் காக்கும் என்று நம்பி, கமராவின் கண்ணாடித் துவாரத்தினூடாகச் சூரியனைப் பார்ப்பது பார்வையைப் பறித்துவிடும். பெயரில் புறஊதா என்று இருந்தாலும் அது சூரியனைப் பார்ப்பதற்கான கண்ணாடி அல்ல.

வாங்கும்போதும் கழற்றும்போதும்

பில்டரின் அளவு லென்ஸின் விட்டத்தைப் பொறுத்தது. மூடியின் உட்புறத்திலோ லென்ஸின் முன்விளிம்பிலோ குறுக்குக் கோடு போட்ட ஒரு வட்டத்துக்குப் பக்கத்தில் 49, 52, 55, 58 என்று ஓர் எண் இருக்கும். அதுதான் அளவு. கனொனின் பழைய 18-55 பலவற்றுக்கு 58, நிக்கோனின் பழைய 18-55 க்கு 52. மூன்று மலிவான பில்டர்கள் வாங்கும் காசுக்குப் பல அடுக்குப் பூச்சுள்ள ஒன்றை வாங்குங்கள். அதற்குக் காசு போதாவிட்டால் ஹூட்டோடு நில்லுங்கள். பூச்சில்லாத கண்ணாடியை வாங்குவதிலும் பார்க்க ஒன்றும் வாங்காமல் இருப்பது மேல்.

பூட்டும்போது மெதுவாக, இரண்டு விரலால் மட்டும் திருகுங்கள். இறுகிக் கழராமல் போனால் கையால் நெரிக்கக் கூடாது. நெரித்தால் வளையம் நீள்வட்டமாகி இன்னும் இறுகும். அகன்ற இறப்பர் வளையத்தைச் சுற்றிப் போட்டோ, இறப்பர்க் கையுறை அணிந்தோ மெல்லத் திருகிப் பாருங்கள். கழுவிக் காயவைத்த தட்டையான இறப்பர்ச் செருப்பின் அடியை வளையத்தின் மேல் சமமாக வைத்து, இலேசாக அழுத்தித் திருகினாலும் விட்டுக்கொடுக்கும். பில்டர் உடைந்துவிட்டால் லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து, துண்டுகளைத் தானாக விழவிட்டு, பம்பினால் காற்றடியுங்கள். தூள் முழுவதும் போகும்வரை துணி படக் கூடாது.

தொலைபேசியில் படமெடுத்துத் தொழில் செய்யும் சகோதரிகளுக்கும் இவை பொருந்தும். தொலைபேசியின் பின்புறக் கமராவில் ஒட்டும் கண்ணாடியும் ஒரு பில்டர்தான், இரவு விளக்குகளில் அதே பேய்ச்சுடரைக் காட்டும். அதை உரித்துவிட்டு, விரல் எண்ணெயைத் துடைத்து, மேலே கையால் நிழல் பிடித்து எடுத்துப் பாருங்கள்.

ஹூட்டும் பில்டரும் தடுக்காத ஒன்று

எமது காலநிலையில் கீறலைவிடக் கூடுதலாக லென்ஸ்களைக் கொன்றது பூஞ்சணம் என்றே நினைக்கிறேன். மாரி மழைக் காலத்தில் அலுமாரியில், தோல் பையில், உடுப்புகளுக்கு நடுவில் கிடக்கும் லென்ஸின் உள்ளே சிலந்திவலைபோல நூல் படரும். ரோச் லைற்றை ஒருபக்கத்தால் அடித்து மறுபக்கத்தால் பார்த்தால் தெரியும். முற்றினால் அது பூச்சை அரித்துவிடும், பிறகு துடைத்தும் பயனில்லை. பில்டருக்கும் லென்ஸுக்கும் இடையில் ஈரம் சிக்கினால் அங்கேயும் பிடிக்கும். அதனால்தான் பில்டரை நிரந்தரமாகப் பூட்டி வைக்கக் கூடாது. வேலை முடிந்து வந்ததும் கழற்றி, இரண்டையும் காயவிட்டு, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் மணிகளோடு வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். சூடாக்கி உலர்த்தினால் மறுபடி நீலமாகும். ஆனால் சமைக்கும் சட்டியில் உலர்த்தாதீர்கள், அந்த நிறத்துக்குச் சேர்க்கும் பொருள் நஞ்சு.

படத்தைப் படமெடுக்கும்போது

கலியாண வீடுகளைத் தவிர, எமது பகுதிகளில் இன்னொரு வேலையும் கமராக்காரியைத் தேடி வரும். பழைய படத்தைப் பிரதி எடுத்துத் தரும்படி தாய்மார் கேட்டு வருவார்கள். 2009 இல் அல்பங்களைப் பதுங்குகுழியிலும் தெருவிலும் விட்டுவிட்டு வந்தவர்களிடம் ஒரு பிள்ளையின் ஒரே ஒரு படம் மட்டும் மிஞ்சியிருக்கும். 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கியபோது அவர்கள் கைகளில் இருந்தவையும் இத்தகைய படங்களே. வெயிலிலும் மழையிலும் பிடித்துப் பிடித்து அவை வெளிறிப்போகின்றன.

இந்த வேலைக்கு யூ.வி. பில்டரைக் கழற்றிவிடுங்கள். சட்டகக் கண்ணாடி ஒன்று இருக்கும்போது இன்னொரு கண்ணாடி வேண்டாம். ஒளிமுனைவாக்கும் பில்டர் ஒன்றைக் கடைக்காரர் காட்டி, கண்ணாடியின் பளபளப்பைப் போக்கும் என்பார். சரிந்த கோணத்தில் நின்று பார்த்தால் அது உண்மை. நேர் எதிரே நின்று எடுக்கும்போது அது பெரிதாக உதவாது, நாம் எடுப்பதோ நேர் எதிரே நின்றுதான். ஹூட்டும் இதைத் தடுக்காது, ஏனெனில் கண்ணாடியில் தெரிவது உங்கள் உருவமும் கமராவும்தான். ஒரு கறுப்புத் துணியில் லென்ஸ் நுழையும் அளவுக்கு ஓட்டை வெட்டி, லென்ஸை அதனூடாக நீட்டி, நீங்கள் துணிக்குப் பின்னால் நில்லுங்கள். படம் பக்கத்து யன்னலின் வெளிச்சத்தில் இருக்கட்டும், பிளாஷ் வேண்டாம். கமராவின் பின்புறத்தைப் படத்துக்குச் சமாந்தரமாகப் பிடித்தால் முகம் கோணாது.

சட்டகத்தைக் கழற்றி எடுத்தால் இன்னும் தெளிவாக வரும் என்று தோன்றும். கழற்றுமுன் பக்கவாட்டில் பாருங்கள். ஈரத்தால் படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால், அந்த இடம் நனைந்ததுபோல மினுங்கித் தெரியும். அதை இழுத்தால் முகம் கண்ணாடியோடு உரிந்து போய்விடும். அப்படியான படத்தைக் கண்ணாடியோடேயே வைத்து எடுங்கள். அந்தக் கோப்பைக் கமராவில் மட்டும் விட்டுவைக்காமல், அன்றைக்கே வேறு இரண்டு இடங்களில் பதிந்து, ஒன்றை அந்தத் தாயின் கையில் கொடுங்கள்.